மனப்பாடம் பலிக்காத கேமரா

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதன் பிறகு ஒழுங்காக மனப்பாடம் செய்தது ஒன்றே ஒன்றுதான்: கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் ஆங்கில எழுத்துகள். எங்கள் தாம்பரம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் சர்க்கரை நோய் இல்லாத டிரைவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்கவோ கண் சர்டிபிகேட் வேண்டும். அதனால் டாக்டரிடம் போய்வந்தவன் கடைசி வரி வரை மற்றவர்களுக்கு ஒப்பித்துவிடுவான். இந்த ஒற்றுமை பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் நாங்கள் எல்லாரும் கலெக்டர்கள்.

லாரி கிளீனர், கல்குவாரி, பந்தல் வேலை என்று நான் ஊர் ஊராகத் திரிந்தபோது சர்க்கரையும் டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்தது. வலது கண்ணைத் தின்றுவிட்டது. இடது கண்தான் வண்டி ஓட்டுகிறது. அதுவும் போனால் விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர் வாடகை வீட்டில் உட்கார்ந்து விமானச் சத்தம் கேட்கலாம்.

காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் புதுக் கேமரா ஆராய்ச்சிக்குச் சர்க்கரைக்காரர் கண்கள் தேவை என்றார்கள். வாழ்க்கையில் எனக்கு முழுத் தகுதி இருந்த முதல் வேலை. ஊசியும் கிடையாதாம். முன்பு ஒரு இடத்தில் கையில் சாய ஊசி ஏற்றிக் கண்ணைப் படம் எடுத்தார்கள். நாள் முழுக்க மஞ்சளாகச் சிறுநீர் போனது. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் ஓட்ட முடியாது என்பதால் ஸ்டாண்டு நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் ஒரு பெண் என் இடது கண்ணை மறைத்து, "படிங்கண்ணா" என்றாள். வலது கண்ணுக்குத் தெரிந்தது வெறும் புகை. கடைசி வரியைக் கணீரென்று ஒப்பித்தேன்.

"அண்ணா, போர்டுல இருக்கறது நம்பர்."

"இங்கிலீஷுக்காவது மார்க் போடும்மா" என்று பின்னாலிருந்து சிரித்தான் நண்பன்.

சொட்டு மருந்து விட்டார்கள். அடுத்தது கேமரா. தாடையை வைத்தேன், நெற்றியை ஒட்டினேன். அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீல வெளிச்சம் பளிச்சிட்டது, அவ்வளவுதான். திரையில் டாக்டர் இரண்டு படங்களைக் காட்டினார். வலது கண் இருட்டு. இடது கண்ணில் பச்சைப் பச்சையாகத் திட்டுகள், தீபாவளி சீரியல் பல்பு போல.

"லெப்ட் கண்ணு சூப்பரா கீது சார்!" என்றேன்.

"கண்ணுக்குள்ள கஷ்டப்படுற செல்லுதாங்க அப்படி மின்னும். இரும்புல துரு ஏறுற மாதிரி உள்ளுக்குள்ள அரிக்குது. வலதுல மின்னறதுக்குக்கூட ஆள் மிச்சமில்ல."

"இதுக்கு மருந்து?"

"இது ஆராய்ச்சிதான். இந்தப் படத்தை வச்சு இப்பவே வைத்தியம் பண்ண முடியாது. சர்க்கரையைக் குறைங்க, செக்கப்புக்குத் தவறாம வாங்க. ஆனா இந்தக் கண்ணோட சவாரி ஏத்தாதீங்க."

தீப்பிடிக்கும் முன்பே சொல்லிவிடும் கேமரா வந்துவிட்டது. தண்ணீர் வண்டிக்குத்தான் இன்னும் டெண்டர் விடவில்லை.

வெளியே வந்து சாவியை நண்பனிடம் நீட்டினேன். "இனிமே வண்டிய நீயே ஓட்டு."

 வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினான். என் வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.  வண்டலூர் நெருங்கும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"மச்சான், அந்தப் போர்டுல இன்னா நம்பர்லாம் இருந்துச்சு?"

"ஏன்டா?"

"அடுத்த மாசம் எனக்கு லைசென்ஸ். நம்ம டாக்டர்கிட்டயும் போர்டை மாத்திட்டானுங்கன்னா பேஜாராயிடும்."

கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொட்டு மருந்தில் கலங்கிய என் கண்ணுக்கே முன்னால் பெரிதாக ஒரு சிவப்பு தெரிந்தது.

"முன்னாடி போற பஸ்ஸு நம்பரைப் படிடா."

"எந்த பஸ்ஸு?"

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். சாலையைக் கடந்து, திரும்பக் காட்டாங்குளத்தூர் போக இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். ஆராய்ச்சிக்கு இன்னும் இரண்டு சர்க்கரைக் கண்கள். வருகிற பஸ் எங்கே போகிறதென்று பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணைத்தான் கேட்க வேண்டியிருந்தது.