சுவரில் ஒட்டிய எந்திரம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், யாரிடமும் கையேந்தவில்லை.

போன வாரம் பேத்தி மலர் படிக்கும் பெரம்பலூர் கல்லூரியின் பூகோளத் துறை நூலகத்துக்குப் போனேன். பழைய துண்டு நோட்டீசுகளையும் வியாபாரிகளின் கேட்லாக்குகளையும் அங்கே பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள். மலர் ஒன்றைப் பிரித்தாள். மக்கிய தாளின் வாடையோடு, மண் தோண்டும் எந்திரத்தின் படம். நீண்ட கழுத்து, பல் வைத்த வாய்.

அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊரான வேலாங்காட்டில் வீட்டு மண்சுவர் உதிராமலிருக்க, மெஷின் கடையில் கழித்துப்போட்ட இதே தாள்களை அப்பா புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருந்தார். மழைக்காலத்தில் பசை ஊறிப் புளித்து நாற, கரப்பான்கள் தாளை அரிக்கும் சத்தத்தைக் கேட்டபடி நான் அந்தக் கழுத்துக்குக் கீழேதான் படுத்திருப்பேன். சோறு வேண்டாமென்றால் அம்மா சுவரைக் காட்டுவாள்.

"தின்னுடி. இல்லாட்டி அது எறங்கி வந்து உன்னத் தின்னுடும்."

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அது வந்தது, சுண்ணாம்புக்கல் எடுக்க. வீடு, கிணறு, அம்மாவைப் புதைத்த இடம் எல்லாம் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கும் ஒரே பள்ளம்.

"எங்க ஊரப் பத்தி ஒரு தாளாவது இருக்கா?" என்று கேட்டேன். மலர் வெகுநேரம் தேடினாள்.

"இல்ல அம்மாயி."

வீட்டுக்கு வந்து, எழுத்துக்கூட்டி இதை நானே எழுதினேன். மலரு, அந்த எந்திரப் படத்துக்குப் பக்கத்துல இதக் கொண்டுபோயி வெச்சுடு. அதுக்கு முன்ன எனக்கு ஒருதரம் படிச்சுக் காட்டு. ஊர்ப் பேர மட்டும் சத்தமா படி.