நைனாவுக்கு மாசச் சம்பளம்

முதியோர் பகல் காப்பகத்திலிருந்து போன் வந்தபோது, மாமல்லபுரத்தில் நான் வேலை பார்க்கிற ஓட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். "மேடம், உங்க அப்பா இன்னும் மூணு பேரை வேன்ல ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. வேலைக்குச் சேர வந்திருக்கோம், சம்பளம் எவ்வளவுன்னு கேக்கறாங்க" என்றார் பொறுப்பாளர் அம்மா. விரிப்பை அப்படியே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

என் அம்மா செத்துப்போன பிறகு நைனா பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்தார். மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் புகை. அடுப்பில் டீப் பாத்திரம் கருகிக் கிடக்கிறது, இவர் உள்ளே குறட்டை விடுகிறார். வேலையை விட்டால் சோறு இல்லை. விடாவிட்டால் நைனா உயிரோடு இருப்பாரா என்று தெரியவில்லை.

செங்கல்பட்டு போகிற சாலையில் ஒரு காப்பகம் இருப்பதாகக் கூட வேலை செய்கிறவள் சொன்னாள். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அறுபது முடிந்திருக்க வேண்டும், பிறர் கைத்தாங்கல் இல்லாமல் நடக்க வேண்டும், தானே கழிவறைக்குப் போய்வர வேண்டும். நைனாவுக்கு எல்லாம் பொருந்தியது. கட்டணம் என்று வந்தபோதுதான் இடித்தது. பிள்ளை இல்லாதவர்களுக்கு இலவசம். "நீங்கதான் சம்பளம் வாங்கறீங்களே" என்று எனக்குச் சொன்ன தொகை, சாப்பாடும் வேனும் சேர்த்து, என் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. ஈரத்துணி தூக்கி முதுகு ஒடிகிற சம்பளம் அது! திட்டிக்கொண்டேதான் கட்டினேன்.

அதைவிடப் பெரிய பாடு நைனாவைச் சம்மதிக்க வைப்பது. "கெழவனுங்க கூட ஒக்காந்துகினு ஓசிச் சோறு துன்னணுமா? போம்மே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் ஒரு பொய்யைச் சொன்னேன்.

"அங்க வயசானவங்கள பாத்துக்க ஆளு கேக்கறாங்க நைனா. மாசச் சம்பளம்."

மறுநாள் விடிவதற்குள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். பொறுப்பாளர் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். நைனா அங்கே எல்லோருக்கும் டீ தம்ளர் எடுத்துக் கொடுத்து, தன்னைவிடச் சின்னவர்களை "பாத்து நடங்க பெரியவரே" என்று அதட்டிக்கொண்டிருந்தாராம். ஒன்றாம் தேதி ஒரு கவரில் நானே பணம் போட்டு, ஆபீசில் கொடுத்தார்கள் என்று நீட்டுவேன். பிரித்துக்கூடப் பார்க்காமல், "வூட்டுச் செலவுக்கு வெச்சுக்க" என்று என்னிடமே திருப்பித் தருவார்.

எங்கள் ஆட்களின் வழக்கம் குறுக்கே வந்து காலை வாரும் என்று யார் கண்டது? கரைவலை இழுக்கும்போது ஓடிவந்து கயிறு பிடித்தவனுக்கெல்லாம் பங்கு உண்டு. மீன் மாட்டியதும் கூட்டாளியைக் கூப்பிடாதவனைக் குப்பத்தில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். நைனாவுக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. கூட வலை இழுத்தவர்கள் மணலில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டிப்போகாமல் இருப்பாரா?

நான் போனபோது நான்கு பேரும் வாசல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "இன்னாம்மா, சம்பளமே கெடையாதாம், நாமதான் டப்பு கட்டணுமாம்! உன் நைனாவுக்கு மட்டும் எப்படிக் குடுக்கறாங்க?"

நைனா என்னையே பார்த்தார். "சொல்லும்மே. எனக்குக் குடுத்தது யாரு?"

"நான்தான் நைனா."

அம்மா செத்த அன்றுகூட அப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்த்ததில்லை. அதிர்ந்துபோய் அவர் கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டு, சாலையில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

மறுநாள் வேன் வந்து ஹாரன் அடித்தது. அவர் எழவில்லை. அதற்கடுத்த நாளும் எழவில்லை, என்னோடு பேசவும் இல்லை. காஸ் ரெகுலேட்டரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த மூவரில் ஒருவருக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு இலவசமாக இடம் கிடைத்திருந்தது. அந்த வாரக் கடைசியில் ஒருநாள் காலை அவர் வேனிலிருந்து இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்று கத்தினார். "அண்ணாத்த, நீ இல்லாம அங்க ஒரே பேஜாரா கீது. ஒருத்தனும் சொன்ன பேச்சு கேக்கல. வா!"

நைனா எழுந்து வெள்ளைச் சட்டையைத் தேடினார்.

ஒன்றாம் தேதி வந்தது. கவரை எடுப்பதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவரே வந்து கை நீட்டினார். "இன்னாம்மே, சம்பளம் இன்னும் வர்லியா?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கவரில் பணம் வைத்து நீட்டினேன். முதல் தடவையாக அதைப் பிரித்தார். இரண்டு நோட்டை உருவி என் கையில் வைத்தார்.

"நடுவுல லீவு போட்டேன் இல்ல, அதுக்குப் புடிச்சிக்க."

மீதியை வழக்கம்போல வீட்டுச் செலவுக்குக் கொடுத்தார்.