விசுவமடுவுக்குப் போன சிவப்பு எம்.டி. 90

ஐந்து மாதம் மினக்கெட்டு நான் திருத்திய மோட்டார் சைக்கிளின் முதற்பயணம், பட்டா எனப்படும் சின்ன லொறியொன்றின் பின்பெட்டியில் கயிற்றால் கட்டப்பட்ட நிலையில் நடந்தது. நான் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தேன். இலக்கத்தகடு இல்லாததால்தான் ஓட்டிப்போகவில்லை என்று அயலுக்குச் சொல்லியிருந்தேன். உண்மையில், அது இரண்டாம் கியருக்கு மேல் போக மறுத்துவிட்டது.

ஐம்பத்து மூன்று வயதுவரை துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடித்ததைத் தவிர வேறு தொழில்நுட்ப அனுபவம் இல்லாத ஒருவன், யூரியூப்பை நம்பி இறங்கினால் இப்படித்தான் முடியும். புதுக்குடியிருப்பில் ஒரு பழைய இரும்புக் கடையில், எம்.டி. 90 ஒன்றைத் துருக்குவியலாக வாங்கினேன். இயந்திரம் இறுகிக் கிடந்தது, வேறு போட்டேன். பெற்றோல் தாங்கி ஓட்டை, மாற்றினேன். மட்காட்டைப் பாதியாக வெட்டினேன். ஹாண்டிலை உயர்த்தினேன். சட்டத்தைக் கிரைண்டரால் தேய்த்து, புட்டி பூசி, முகம் பார்க்கலாம்போல ஆக்கிச் சிவப்படித்தேன்.

ஆவணம் மட்டும் இல்லை. திரும்பப் போய்க் கேட்டபோது இரும்புக் கடைக்காரர் சொன்னார்:

"விசுவமடுவில ஒரு அக்கா இருக்கிறா. அவவின்ர மனுசன் கடைசிச் சண்டைக்குள்ள எம்.டி. ஒண்டோடதான் காணாமல் போனவர். புத்தகம் அவவிட்டக் கிடக்கு. எங்க எம்.டி. வந்தாலும் நம்பர் பார்க்க வருவா. இதை அவ பார்க்க முந்தி நீங்கள் தூக்கிட்டீங்கள். இரணைப்பாலைப் பக்கம் எடுத்தது. ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

புத்தகம் என்றால் வாகனப் பதிவுப் புத்தகம். ஒரு கையொப்பத்தோடு என் அலுவலும் முடியும், கணவரின் வாகனத்தைப் புதுமெருகோடு கண்ட சந்தோசம் அந்தப் பெண்ணுக்கும் கிடைக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதவே கூசுகிறது.

சனிக்கிழமை காலை 7.15, கிளிநொச்சி. போய்வர வாடகை ஏழாயிரம் ரூபா. சாரதி ரஞ்சன் கயிற்றை இறுக்கிவிட்டு ரயரைத் தட்டிப் பார்த்தான்.

"புது ரயர் அண்ணை. ஒரு கிலோமீற்றரும் ஓடாமல் ஊர் பார்க்குது. குடுத்து வைச்ச சீவன்."

ஐந்து கிலோமீற்றரில் பரந்தன். வலப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு வீதி. முரசுமோட்டையில் சிறுபோகம் வெட்டி முடிந்த வயல்களில் மாடுகள் நின்றன. வெயில் அதற்குள்ளேயே சுடத் தொடங்கியிருந்தது. தருமபுரத்தில் பிளேன்ரீ குடிக்க நிறுத்தினோம். கடை வாசலில் நின்ற ஒரு பெரியவர் பின்பெட்டியை நீண்டநேரம் பார்த்தார்.

"எங்க தம்பி அடிபட்டது?"

"அடிபடேல்லை ஐயா. திருத்தினது."

"ஆர் திருத்தினது?"

ரஞ்சன் என்னைக் காட்டினான். அவர் தலையை ஆட்டிவிட்டு அப்பால் போனார்.

8.35. பரந்தனிலிருந்து ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீற்றர் வந்து விசுவமடுவை அடைந்தோம். பிரதான வீதியிலிருந்து உள்ளே ஒரு கிரவல் பாதை. வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை இறக்கி நிறுத்தினோம். தவமலர் அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். வண்டியைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"இதென்ன அண்ணை, பொம்பிளை மாப்பிள்ளை ஏத்தவோ?"

உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையோடு திரும்பினார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஒட்டுநாடாவால் ஒட்டிய பதிவுப் புத்தகம். இடம்பெயர்ந்த இடமெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்ததாம். கூடவே ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய்த் துணி, சின்ன ரோர்ச். சட்டத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தை வாசிப்பதற்கான ஆயுதங்கள்.

"நாங்கள் இரணைப்பாலையில இருந்தனாங்கள்" என்றார். "தாயை ஏத்திக்கொண்டு வாறன் எண்டு உடையார்கட்டுக்குத் திரும்பிப் போனவர். பிறகு ஒரு கதையும் இல்லை. இது அவற்ற மோட்டார் சைக்கிள் எண்டால், இரணைப்பாலை வரைக்கும் எங்களைத் தேடி வந்திருக்கிறார். அதுதான் எனக்குத் தெரியவேணும்."

என் கையொப்ப ஆசை அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று. அவர் ஹாண்டிலுக்குக் கீழே, சட்டத்தின் கழுத்தில் விரலை வைத்தார். தேடவில்லை, நேரே அந்த இடத்திலேயே வைத்தார். விரல் வழுக்கியது.

"பெயின்ற்றைச் சுரண்டலாமோ?"

"சுரண்டுங்கோ அக்கா."

சிவப்பு போயிற்று. புட்டி போயிற்று. உள்ளே வெள்ளிபோல ஒரு இரும்பு. எழுத்தும் இல்லை, எழுத்தின் தடமும் இல்லை. ரோர்ச்சை நாலு பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"இதில என்ன செய்தனீங்கள்?"

"கிரைண்டர் போட்டனான். மேடும் பள்ளமுமாக் கிடந்தது. துருவெண்டு நினைச்சன்."

"எஞ்சின்?"

"மாத்தினது. பழசு நிறுத்துக் குடுத்திட்டன்."

"ராங்கி?"

"அதும் வேறை."

"அப்ப இதில பழசு என்ன கிடக்கு?"

சட்டம் மட்டும் என்றேன். அதுதான் வழித்துத் துடைத்தபடி எங்கள் முன் நின்றது. ரஞ்சன் தன் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினான்.

அக்கா புத்தகத்தை மடித்துப் பையில் வைத்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

"முப்பதுக்கு மேலை பார்த்திட்டன் அண்ணை. ஒவ்வொண்டிலும் நம்பரைப் பார்த்து, இல்லை எண்டு தெரிஞ்சு, வந்து சமைச்சுச் சாப்பிடுவன். இதுதான் முதல்முறை, ஓமும் இல்லை, இல்லையும் இல்லை."

வண்டியை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். என் வாழ்வில் நான் கேட்ட முட்டாள் கேள்விகளுக்குள் அதற்கு நல்ல இடம் உண்டு.

"வைச்சு? ஒவ்வொரு நாளும் இதைப் பார்த்து யோசிக்கவோ? கொண்டு போங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்தோம். 9.50க்குத் திரும்பினோம். வந்த வழியே அதே வயல்கள், அதே மாடுகள். சட்டத்தின் கழுத்தில் பெயின்ற் உரிந்த இடம் பின்பார்வைக் கண்ணாடியில் பளிச்சிட்டுக்கொண்டே வந்தது. வன்னியில் பழைய இரும்பைத் தொடுகிறவன் அதில் வேறொருவர் வாசிக்க என்ன இருக்கிறதென்று முதலில் பார்க்கவேண்டும். எனக்கு அதைச் சொல்லித்தர யூரியூப்பில் ஒருவரும் இருக்கவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்தவனுக்கு யூரியூப் ஏன் சொல்லித்தரவேண்டும் என்பது வேறு கேள்வி.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு முழுவதையும் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்தபடியே கடைசிவரை கேட்டாள்.

"இருபத்திரண்டு வருசத்தில இந்தக் குசினியில ஒரு சட்டி தேய்ச்சதில்லை நீங்கள்" என்றாள். "போயும் போயும் இதைத் தேய்ச்சிருக்கிறியள்."