பனி என்று நினைத்த மூச்சு

2024 மார்ச் 23, சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. அந்நேரத்துக்கே கழுத்து வியர்த்தது. மலையகத்து டிக்கோயாவிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த வேன் எங்கள் பதின்மூன்று பேரையும் திருகோணமலைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டது. எட்டரைக்கெல்லாம் வேனுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றார் ஓட்டுநர். தாமதித்தால் ஊர் திரும்பும் வழியில் கினிகத்தேனைக்கு மேலே மலைப்பாதை வளைவுகளில் மாலைப் பனி இறங்கிவிடுமாம். அந்தக் கவலை எனக்கு முதல் நாளே இருந்தது.

மற்றவர்கள் கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு வந்தவர்கள். என் மனைவிக்குக் கோயிலோடு இன்னொன்றும் வேண்டும்: திமிங்கிலம். கடலுக்குள் நீண்டிருக்கும் அந்த மலைமுனையில் நின்றால் படகில்லாமலே பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தில், ஆயாவாக இருந்து, ஊரார் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கியே முழங்கால் தேய்ந்தவள் அவள்.

"இந்தக் கால வச்சிக்கிட்டு இன்னொரு தடவ இங்க ஏறமாட்டேங்க. இன்னைக்குப் பாத்தாத்தான் உண்டு," என்றாள்.

எனக்கோ சந்தேகம். நாம் வந்திருப்பது திமிங்கிலத்துக்கு எப்படித் தெரியும்?

கோட்டைக்குள் மரங்களின் கீழே புல் ஈரமாக இருந்தது. ஈரப் புல்லைக் கண்டால் எங்கள் பக்கத்துப் பெண்களின் கை தானாகவே உப்பைத் தேடும். என் மனைவி ஒரு கல்லில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்து வந்த உப்பை நனைத்துக் கணுக்காலிலிருந்து மேலே தேய்த்துக்கொண்டாள், அட்டை ஏறாமலிருக்க. கடற்கரையில் அட்டை ஏது என்று நான் கேட்பதற்குள் ஒரு புள்ளிமான் வந்து அவள் காலை நக்கத் தொடங்கியது. அடுத்து ஒரு குட்டி. பிறகு கிளைக்கொம்போடு ஒரு கலைமான், அவசரமே இல்லாமல்.

"பெரியம்மா, மாப்பிள்ள வந்துட்டாரு, கிரீடத்தோட," என்றாள் எங்களோடு வந்த நோர்வூட்காரப் பெண்.

"வரட்டும். இவராவது கேக்காமலே கால் புடிக்கிறாரு," என்று என்னைப் பார்த்தாள் என் மனைவி.

பதினேழு மான்கள் வரை எண்ணினேன். அதற்குமேல் அவை இடம் மாறிக் கணக்கைக் குழப்பின. மூக்கு நுனியின் ஈரமும், காதுக்குள் வெயில் பட்டுத் தெரிந்த செந்நிறமும் அவ்வளவு அருகில். எங்கள் மலையில் மரைமான் குரல் கொடுக்கும், முகம் காட்டாது. இங்கே காட்டு விலங்கு ஒன்று மனுஷியின் மடியில் தலைவைத்து நின்றது. நேரம் போவது தெரிந்தும் எழுப்ப மனம் வரவில்லை.

முனைக்கு ஏறியபோது ஏழே முக்கால். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பாறை நேராகக் கீழே இறங்கியது. கரையோரம் பச்சையாயிருந்த நீர் சட்டென்று கருநீலமாகியது. கால்களுக்குக் கீழே ஒரு கடற்கழுகு பறந்தது. கழுகின் முதுகை அதுவரை நான் பார்த்ததில்லை. வாலையோ முதுகையோ தேடி இருவரும் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றோம். தூரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வெண்புகை எழுந்து கலைந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. விடிந்தால் பள்ளத்திலிருந்து பனி அப்படித்தான் எழும், பிறந்ததிலிருந்து பார்க்கிறோம்.

எட்டரை தாண்டிவிட்டது. "போதும், வா. எல்லாரும் காத்திருப்பாங்க," என்றேன். அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

பக்கத்தில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "என்ன ஐயா, திமிங்கிலம் பாத்தாச்சோ?"

"எங்கம்மா, பனிதான் தெரிஞ்சிச்சு."

"கடலில இந்த நேரம் பனியோ? வெள்ளையா எழும்பினதுதானே? அது திமிங்கிலம் விட்ட மூச்சு. மூண்டு தரம் ஊதினது. நிண்டு பாருங்கோ, திரும்ப எழும்பும்."

நான் ஆறுதலாக, "பாத்தாச்சுல்ல, போவோம்," என்றேன்.

"தெரியாம பாத்தது பாத்ததாகுமாங்க?" என்றாள் என் மனைவி.

நான் மறுபடி கடல் பக்கம் திரும்பினேன். அதற்குள் ஓட்டுநர் மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார், பின்னால் நோர்வூட்காரப் பெண்ணும்.

"சேர், எல்லாரும் வேன்ல. ஹோர்ன் அடிச்சு கை வலிக்குது."

"தம்பி, ஒரு மணித்தியாலம் குடுங்க."

"அப்ப வெயிட்டிங் ரெண்டாயிரம் ஆகும் சேர்."

"நிக்கிற வேனுக்கு என்னப்பா டீசல் செலவு?"

"டீசல் வேனுக்கு சேர். இது எனக்கு."

"எங்கள வெயில்ல காயப்போட்டா ஐஸ்கிறீம் வேணும் பெரியப்பா, ஆளுக்கு ஒண்ணு," என்றாள் அந்தப் பெண். இரண்டுக்கும் தலையாட்டினேன். பேரம் பேசிக்கொண்டிருந்தால் திமிங்கிலம் போய்விடும்.

ஒன்பதைக் கடந்திருக்கும். கருநீலத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே, ஒரு வெண்தூண் நேராக எழுந்து நின்றது. அது கலையுமுன் அதன் அடியில் நீரைவிட வெளிறிய நீலத்தில் ஒரு முதுகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. வேன் நீளம், பஸ் நீளம் என்று அளக்கப் பார்த்தேன். முதுகு முடியவில்லை, என் அளவுகள் முடிந்துவிட்டன. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சிறு அலைகூட எழுப்பாமல் மூச்சு விட்டது. நாலாவது மூச்சுக்குப் பிறகு வால் மட்டும் மெல்ல உயர்ந்து, நீர் ஒழுக ஒழுக நின்று, உள்ளே போனது.

என் மனைவி சுவரை விட்டுவிட்டு, தேய்ந்த முழங்கால்கள் இரண்டிலும் நிமிர்ந்து நின்றாள். மடுவத்தில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவதைப் போன்ற தாழ்ந்த குரலில், "எவ்வளவு அமைதியா மூச்சு வுடுது பாருங்க," என்றாள். பிறகு அவளே, "சரி, இப்பப் போகலாம்," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

காத்திருந்ததற்கு இரண்டாயிரம். எங்கள் இருவரைத் தவிர, ஓட்டுநரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கு ஐஸ்கிறீம், நூற்றைம்பது படி, ஆயிரத்து எண்ணூறு. தெரிந்து பார்த்ததற்கு ஆக மொத்தம் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்.