யன்னலில் பிடித்த சவ்வு

பிரசவக் கழிவை அன்றைக்கே புதைக்க வேண்டும் என்பது விதி. முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறு ஆஸ்பத்திரியொன்றில் நிர்வாகியாக இருந்த எனக்கு விதிகள் மனப்பாடம். டொக்டர் அம்மாவோ, பிள்ளையைச் சுற்றியிருந்த பனிக்குடச் சவ்வைக் கழுவி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். தீப்புண்ணை மூடுவதற்கு ஏற்கெனவே வாழையிலையைச் சோதித்துக் கைவிட்டிருந்தார்.

"அனுமதி?" என்றேன்.

"மேலிடத்துக்கு எழுதிக் கேளுங்கோ. தோல் வளரப் பிடிமானம் வேணும். பதில் வருமட்டும் புண் பாத்துக்கொண்டிருக்காது."

தீயில் வெந்த மீனவரின் கையில், அவருடைய மனைவியின் பிரசவத்தில் கிடைத்த அந்தச் சவ்வை ஒட்டினார். ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்புத் தோல் மெல்ல ஊர்ந்து வந்தது. விதிகளை மறந்து தினமும் போய்ப் பார்த்தேன்.

"வலை இழுப்பனோ, அம்மா?"

"முதல்ல பிள்ளையைத் தூக்குங்கோ அண்ணை."

நான் எழுதிய கடிதத்துக்கு 'பரிசீலிக்கிறோம்' என்று மேலிடத்துப் பதில் வந்தது, மீனவர் அந்தப் பிள்ளையை அதே கையில் தூக்கிக்கொண்டு அதன் முதலாம் பிறந்தநாள் கேக்கை எங்களுக்குக் கொண்டுவந்த அன்று.