அடுத்த பெல்லுக்கு முன்

மேடையில் எனக்குப் பயமே கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சபையில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஏரோது ராஜாவாக நின்ற காலத்திலிருந்தே அந்தப் பெயர். வசனம் மறந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏதாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். பிறகு மலையாள நாடகக் குழுக்களில் வருஷக்கணக்கில் நடித்தேன். எல்லையோரத்தில் தமிழ் பேசுகிற பாறசாலைக்காரன் வாயில் மலையாளம் ஒழுங்காக வருமா என்று கேட்டவர்கள் எல்லாம் கைதட்டிவிட்டுத்தான் போனார்கள். முட்டி தேய்ந்து, மேடையில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்ற நிலை வந்தபோது நடிப்பை விட்டேன். குழுவை நடத்துகிறவர் என்னை விடவில்லை. "நீரு மேனேஜராட்டு இரும். உம்ம சத்தம் போதும் நமக்கு" என்றார்.

அன்றிலிருந்து உற்சவக் கமிட்டிக்காரர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. தேதி பேச வேண்டும், வேன் ஏற்பாடு செய்ய வேண்டும், மேடைப் பலகை ஆடுகிறதா என்று ஏறி மிதித்துப் பார்க்க வேண்டும், வில்லன் நடிகருக்கு மீன் இல்லாத சாப்பாடு தனியாகச் சொல்ல வேண்டும். ராஜாவாக நின்ற ஆள் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் கேட்டு அலைவதைப் பாரேன் என்று என் மனைவி கேலி செய்வாள். அவள்தான் எங்கள் குழுவின் பிரதான நடிகை. அவளை நம்பித்தான் கமிட்டிக்காரர்கள் எங்களைக் கூப்பிடுகிறார்கள், அதனால் அவள் கேலி செய்யலாம்.

நடிகனுக்கு உரியதில் ஒன்றை மட்டும் நான் விடாமல் வைத்துக்கொண்டேன். நாடகம் தொடங்குமுன் திரைக்குப் பின்னால் நின்று மைக்கில் அறிவிப்புச் சொல்வது. நாடகத்தின் பெயர், எழுதியவர் பெயர், நடிக்கிறவர்களின் பெயர்கள் வரிசையாக, கடைசியில் அவள் பெயர். அதன் பிறகு, அடுத்த பெல்லோடு நாடகம் ஆரம்பிக்கிறது என்று மலையாளத்தில் சொல்லி நிறுத்துவேன். எங்கள் பக்கம் இதைக் காகிதம் பார்த்து யாரும் வாசிப்பதில்லை. திரைக்குப் பின்னால் சின்ன வெளிச்சம் இருந்தாலும் உள்ளே நிற்கிறவர்களின் நிழல் திரையில் விழும். ராணி வேஷம் போட்டவள் மூக்கைச் சொறிவதை ஊரே பார்க்கும். அதனால் கும்மிருட்டில் நின்று மனப்பாடமாகத்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பயம் வந்தது போன ஓணம் கழிந்து. ஒரு நாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "கேட்டியளா, இண்ணைக்கு என்ன கிழமை?"

சொன்னேன். மறுநாளும் அதையே கேட்டாள். அதற்கு அடுத்த நாள், "நாளைக்கு நமக்கு எங்க நாடகம்?" என்றாள். கொல்லயில் ஊரில் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பக்கம் பக்கமாக வசனத்தைத் தலையில் வைத்திருக்கிறவள் கிழமையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் அவளுடைய அம்மா. மாமிக்கு மறதி நோய் வந்தது. முதலில் கிழமையைத்தான் மறந்தார். பிறகு அடுப்பில் வைத்த பாலை மறந்தார். பிறகு குளியலறை எந்தப் பக்கம் என்பதை. கடைசிக் காலத்தில் ஒரு நாள் என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்று, "கமிட்டியில இருந்தா வாறிய?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. தாயின் தலைக்குள் புகுந்தது இப்போது மகளின் தலைக்குள்ளும் புகுகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

யாரிடம் போய்ச் சொல்வது? குழுவுக்குத் தெரிந்தால் அடுத்த சீசனுக்கு வேறு ஆளைப் பார்ப்பார்கள். அவளிடம் சொன்னால் உடைந்துபோவாள். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் ரகசியமாகப் போனில் கேட்டேன். ஆளை ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். ஆளிடம் எப்படிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது என்பதை அவர் சொல்லவில்லை. அதனால் நானே பார்த்துக்கொண்டேன். அவள் நடிக்கும்போது மேடையின் ஓரத்தில் நின்று அவள் வசனத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் மூச்செடுக்க நின்றாலும் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்துவிடுவேன். அவள் ஒரு நாளும் ஒரு சொல் தவறவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. காய்ந்த மட்டை தொங்குகிற தென்னைக்கு அடியில் கட்டில் போட்டுப் படுத்ததுபோல இருந்தது.

வீட்டிலும் எல்லாம் தாறுமாறு. வீட்டுச் சாவி அரிசி வாளிக்குள் கிடந்தது. அவளை ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினேன். கேஸ் அடுப்பு மேலே பாத்திரமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அதையும் நானே அணைத்தேன். காரோடு என்ற ஊரில் நாடகம் இருந்த அன்று எங்கள் வேன் காட்டாக்கடையில் போய் நின்றது. அது அந்தக் கமிட்டிக்காரன் செய்த வேலை, போனில் இடத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறான். டிரைவருக்கு வழி சொன்னது நான்தான், ஆனால் எனக்குச் சொன்னது அவன். அவனைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "அண்ணே, நான் காரோடுண்ணுதான் சொன்னேன், சத்தியமாட்டு" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். பொய் சொல்வதற்கும் ஒரு வெட்கம் வேண்டாமா? வேனில் பக்கத்தில் இருந்த என் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கே வந்திருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, நெய்யாற்றின்கரைக்கு இந்தப்புறம் ஒரு கோயில் உற்சவம். பொழுது சாயுமுன்பே மைதானம் நிறைந்துவிட்டது. இருட்டியதும் விளக்குகளை அணைத்தார்கள். நடிகர்கள் இருட்டில் அவரவர் இடத்தில் நின்றார்கள். நான் மைக்கைப் பிடித்துத் தொடங்கினேன். குரல் நன்றாக இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் வந்தது. கடைசிப் பெயருக்கு வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை.

அவள் முகம் தெரிகிறது. அவள் பூசுகிற பவுடரின் மணம் தெரிகிறது. கல்யாணத்தன்று அவள் கட்டியிருந்த சேலைக்கு என்ன நிறத்தில் கரை என்பதும் தெரிகிறது. பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. மைக் என் மூச்சுச் சத்தத்தை மைதானம் முழுவதும் கொண்டுபோனது. யாரோ ஒருவன் விசிலடித்தான். ஏரோது காலத்திலிருந்து கைகொடுத்த சாமர்த்தியம் எதுவும் எழுந்து வரவில்லை. அப்படி ஒரு பயத்தை நான் என் ஆயுளில் பட்டதில்லை. ஓடிவிடலாம் என்று பார்த்தால் படி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

இருட்டில் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வளையல் பட்டதும் அவள்தான் என்று தெரிந்தது. என் கையோடு மைக்கைத் தன் பக்கம் திருப்பி, நான் சொல்லும் அதே தோரணையில், தன் பெயரைத் தானே சொன்னாள். அடுத்த பெல்லைப் பற்றியும் அவளே சொல்லி முடித்தாள். ஏதோ புதுமை செய்கிறார்கள் என்று ஜனம் பலமாகக் கைதட்டியது. பெல் அடித்துத் திரை விலகியபோது அவள் தன் இடத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது வேனில், "தொண்ட அடச்சிட்டு" என்றேன்.

"பனியாக்கும்" என்றாள்.

காலையில் எழுந்தபோது மனதுக்கு ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அவளையே நினைத்து நினைத்து என் மூளை சூடாகிவிட்டது, வேறொன்றுமில்லை. அவள் காப்பியோடு வந்தாள்.

"கேட்டியளா, இண்ணைக்கு என்ன கிழமை?"

நேற்று அத்தனை பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றியவளுக்கு இன்று கிழமை தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். பொறுமையாகவே சொன்னேன்.

"வியாழன், பிள்ளே."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வெளியே சபை மணி அடித்துக்கொண்டிருந்தது. அது அடிக்கத் தொடங்கி நேரமாகிறது என்பது அப்போதுதான் என் காதில் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டி, வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனார்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அது தெரியாமல் கேட்டவளின் முகமில்லை. மேடையில் எதிரே நிற்பவன் வசனத்தை மறந்துவிட்டால், அவனைக் காட்டிக்கொடுக்காமல் கண்ணால் கெஞ்சிக்கொண்டு காத்து நிற்பாளே, அந்த முகம்.

"எத்தன நாளாட்டு?" என்றேன்.

"ஓணத்துக்கு முன்ன இருந்தே. சாவிய அரிசி வாளிக்குள்ள நீங்க போடுறத எனக்க கண்ணால பாத்தேன். அம்மைக்கும் இப்பிடித்தான தொடங்கிச்சு. அதுக்காக்கும் தெனமும் கேக்குறது. செரியாட்டு சொல்லிட்டியன்னா அண்ணைக்கு முழுக்க எனக்கு ஒரு நிம்மதி உண்டு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க உடைஞ்சு போவிய."

"இதுக்கு முன்னயும் தப்பாட்டு சொல்லியிருக்கேனா?"

அவள் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் அழுதுகொண்டிருப்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது தேதி பேசுவது அவள். மல்லுக்கட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. நெய்யாற்றின்கரை டாக்டர் தந்த மாத்திரையையும் அவளே எடுத்துத் தருகிறாள். போன மாதம் என்னை முன்னறையில் உட்கார வைத்து, பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்து, அறிவிப்பு முழுவதையும் என் குரலில் பதிவு செய்தாள். "உங்க சத்தம் கேக்காம எனக்கு மேடையில நிக்க முடியாது" என்றாள். எனக்காகச் சொன்னாளா, உண்மையாகவே அப்படியா என்று நான் கேட்கவில்லை.

இதில் யார் பெயரையும் நான் எழுதவில்லை. அடக்கம் என்று நினைக்க வேண்டாம். எழுதப்போய் ஒரு பெயர் வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

நாடகம் இருக்கும் நாட்களில் திரைக்குப் பின்னால், இருட்டில், இரவல் நாற்காலியில் உட்கார்ந்து என் குரலைக் கேட்கிறேன். அவள் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் வரும். அந்த இடைவெளியில் குரலுக்கு முந்திக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிப் பார்ப்பேன். இதுவரை வந்திருக்கிறது.