ஒரே ஒரு சிலிண்டர்

தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அவசரப் பிரிவில் அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். ஒரு நாள் மூச்சுக்குத் தவித்தபடி இரண்டு பேர் ஒன்றாக வந்துவிட்டார்கள். ஒரு கைக்குழந்தை, கோவளத்து மீனவர் ஒருவர். டாக்டர் குழந்தைக்கு வைக்கும்படி கைகாட்டினார். குழாயைப் பொருத்தியது நான். மீனவர் தன் மனைவியின் மடியிலேயே அடங்கிப்போனார்.

அதன் பிறகு, கரையேறாத அலைபோல அந்த மூச்சு என் காதில் இரைந்துகொண்டே இருந்தது. அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை பார்த்து வைத்தார். நானும் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து நின்றுவிடுவதாகச் சொல்லிவிட்டேன்.

கடைசி நாள் காலையில், பக்கத்து மார்க்கெட்டில் மீன் அரியும்போது விரலைக் கிழித்துக்கொண்டு அந்த மீனவரின் மனைவி வந்து நின்றாள். புது நர்ஸ் பஞ்சை எடுத்தாள். நான் திரைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இன்னாக்கா, ஒளிஞ்சிகினு கீற? நீயே வந்து கட்டு. இந்தப் பொண்ணு கை நடுங்குது பாரு."

நான் வந்து பஞ்சை வாங்கிக்கொண்டேன். "என்மேல கோபம் இல்லையாம்மா?"

"இல்லாம? உன்னத் திட்டாத நாளே இல்ல." காயத்தைப் பார்த்தபடி கேட்டாள். "அந்தக் கொழந்த பொழச்சிகிச்சா?"

"பிழைச்சிடுச்சு. நல்லா பால் குடிக்கிறான்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலை நீட்டினாள். "அப்ப செரி. கட்டு."

அன்று மாலையே அண்ணனிடம் பள்ளிக்கூட வேலை வேண்டாம் என்றேன்.

இப்போது எங்களிடம் இரண்டு சிலிண்டர்கள் இருக்கின்றன. மூன்று பேர் ஒன்றாக வரும் நாளும் வரும். அன்றைக்கும் அங்கே யாராவது நிற்க வேண்டுமே, நானே நிற்கிறேன்.